ஒரு செல்லுக்கு ஓர் அறை: நுண்பாய்மச் சில்லுகள் வேலை செய்யும் விதம்

1944ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்ற ஐரிஷ் நுண்ணுயிரியலாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா நிறைந்த திரவத்தில் பென்சிலினைச் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடுகின்றன. அந்த 'ஏறக்குறைய'வில்தான் சிக்கல். பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் சில தப்பிப் பிழைக்கின்றன. பிழைத்தவற்றை எடுத்து வளர்த்து, மறுபடியும் பென்சிலின் கொடுத்தால், அவற்றின் வாரிசுகளும் பெரும்பாலும் செத்துப்போகின்றன. திரும்பவும் சொற்பமே தப்புகின்றன. ஆகவே இது மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றமாக இருக்க முடியாது. ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட கூட்டத்துக்குள் சில மட்டும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மருந்து வருவதற்கு முன்பே அவை அப்படித்தான் இருந்தனவா, மருந்தைக் கண்ட பிறகு மாறினவா?

இதற்குத் தெளிவான விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 2004ஆம் ஆண்டில் நதாலி பாலபானும் அவருடைய சக ஆய்வாளர்களும், திரவம் ஓடும் மெல்லிய கால்வாய்கள் பதித்த ஒரு சில்லுக்குள் (இதுதான் நுண்பாய்மச் சில்லு) ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின் கீழ் தொடர்ந்து படம்பிடித்தார்கள். தப்பும் செல்கள் சற்று அதிகமாகத் தோன்றும் ஒரு வகையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் படம் பார்க்க வேண்டியிருந்திருக்கும். மருந்தைச் செலுத்தினார்கள், பிழைத்தவை எவை என்று குறித்துக்கொண்டார்கள், பிறகு படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். தப்பியவை மருந்து வருவதற்கு முன்பே வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு மந்தமாகக் கிடந்தவை. வேகமாக வளரும் செல்லைத் தாக்கும் மருந்து, வளராத செல்லை விட்டுவிட்டது.

குடுவையில் இருந்த மொத்தத்தையும் சேர்த்து அளந்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. கோடிக்கணக்கான செல்களை ஒன்றாக நசுக்கி எடுக்கும் எந்த அளவீடும் சராசரியைத்தான் தரும். பாதி செல்களில் ஒரு புரதம் நிறைந்தும் மீதிப் பாதியில் துளியும் இல்லாமலும் இருந்தால், சராசரி 'நடுத்தர அளவு' என்று சொல்லும். நடுத்தர அளவுள்ள செல் ஒன்றுகூட அங்கே இருக்காது. புற்றுக்கட்டி, நோயெதிர்ப்பு மண்டலம், மூளை எல்லாமே பல விதமான செல்களின் கலவை என்பதால் இந்தக் குறை எல்லா இடத்திலும் தலைகாட்டும்.

செல்களை ஒவ்வொன்றாக அளப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர், உப்புக் கரைசலில் மிதக்கும் செல்களை ஒரு சிறு துளை வழியே செலுத்தி, செல் கடக்கும் நொடியில் மின்தடை உயர்வதைக் கொண்டு எண்ணும் முறைக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். மருத்துவமனைகளில் இரத்த அணுக்களை எண்ணும் கருவிகள் பலவற்றில் இன்றும் அந்தத் தத்துவம்தான். அதன் பிறகு வந்த ஓட்ட செல் அளவி, ஒளிரும் சாயம் பூசிய செல்களை லேசர் கற்றையின் குறுக்கே வரிசையாக ஓடவிட்டு, நொடிக்குப் பல ஆயிரம் செல்களைப் பார்க்கிறது. அப்படியானால் சில்லு எதற்கு?

ஓட்ட செல் அளவி ஒரு செல்லைக் கண நேரம், ஒரே ஒரு முறை பார்க்கிறது. அடுத்த மணி நேரத்தில் அந்தச் செல் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. செல் வெளியே சுரந்த பொருள் சுற்றியுள்ள திரவத்தில் கரைந்து, யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். நுண்பாய்மச் சில்லு ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக ஓர் அறை தருகிறது. அந்த அறை மிகமிகச் சிறியது என்பதால், செல்லிலிருந்து வரும் சொற்பப் பொருளும் நீர்த்துப்போகாமல் அங்கேயே செறிவாக நிற்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் முழுக் கதையும் இந்த ஒன்றில் அடங்கிவிடும். மீதியெல்லாம் அறையை எப்படிக் கட்டுவது, செல்லை எப்படி உள்ளே அனுப்புவது என்ற கைத்திறன்தான்.

சிறுமையின் கணக்கு

சில்லு என்பது பொதுவாகத் தபால்தலை அல்லது நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு அளவுள்ள, ஒளி ஊடுருவும் பொருள். அதற்குள் பத்து முதல் சில நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள கால்வாய்கள் ஓடுகின்றன. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனித இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர், ஈ.கோலை பாக்டீரியாவின் அகலம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர்.

கன அளவுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் கடுமையாகத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் 10 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவு 1 பிக்கோலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி பிக்கோலிட்டர்கள் இருக்கின்றன. நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல் ஒன்று நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வெளியேற்றக்கூடியது. அதை 1 மில்லிலிட்டர் திரவத்தில் விட்டால் எந்தச் சாதாரணச் சோதனையும் அதன் சுரப்பைக் கண்டுபிடிக்காது. அதே செல்லை 50 பிக்கோலிட்டர் துளிக்குள் அடைத்தால் செறிவு 2 கோடி மடங்கு கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். 'விரைவு' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கருவி அவசரப்படுவதில்லை, காத்திருக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

இந்த அளவில் தண்ணீரின் குணமும் மாறுகிறது. குழாயில் ஓடும் தண்ணீர் சுழன்று கலங்குமா, சீராக ஓடுமா என்பதைச் சொல்ல ரெனால்ட்ஸ் எண் என்ற ஓர் அளவு உண்டு. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுக் காட்டியது. அந்த எண் சுமார் 2,000க்கு மேல் போனால் ஓட்டம் கலங்கத் தொடங்கும். 50 மைக்ரோமீட்டர் கால்வாயில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால் அந்த எண் 0.05தான். கலங்கலுக்கு வாய்ப்பே இல்லை. இரண்டு திரவங்கள் ஒரே கால்வாயில் பக்கம் பக்கமாக ஓடும். நடுவில் சுவர் எதுவும் இல்லாமலேயே நீண்ட தூரம் எல்லைக்கோட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். செல் எந்தப் பாதையில் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடிவது இதனால்தான்.

கலங்கல் இல்லையென்றால் கலத்தலும் இல்லையா? உண்டு, மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து பரவும் விரவல் மூலமாக. இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. மூலக்கூறு விரவிச் செல்ல ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. தண்ணீரில் ஒரு சிறிய சாய மூலக்கூறு 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.1 நொடி போதும். 100 மைக்ரோமீட்டருக்குப் பத்து நொடி. 1 மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். 1 சென்டிமீட்டருக்கு ஒரு நாளுக்கும் மேல். எனவே நுண்கால்வாயில் செல்லைச் சுற்றியுள்ள மருந்தையோ ஊட்டப்பொருளையோ நொடிகளில் மாற்றிவிடலாம். மாற்றியதற்கு அந்தச் செல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது மாற்றம் மேற்பரப்பின் ஆதிக்கம். அளவு ஆயிரம் மடங்கு சுருங்கினால் கன அளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு ஆயிரம் மடங்கு கூடுகிறது. புவியீர்ப்பு பின்னால் போய், பரப்பு இழுவிசை முன்னால் வருகிறது. நன்மையும் தொல்லையும் இரண்டுமே இதிலிருந்து வருகின்றன. எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளி கச்சிதமான உருண்டையாக நிற்பது நன்மை. கால்வாயில் நுழைந்த ஒரு காற்றுக்குமிழி எவ்வளவு தள்ளினாலும் நகராமல் பிடிவாதமாக உட்கார்ந்துகொள்வது தொல்லை.

சில்லு செய்வது

துறையின் வேர் கணினிச் சில்லு செய்யும் தொழிலில் இருக்கிறது. 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் டெர்ரியும் சகாக்களும் சிலிக்கான் தகட்டில் கால்வாய் அரித்து, வாயுக்களைப் பிரித்தறியும் கருவியைச் செய்தார்கள். 1990இல் ஆன்ட்ரியாஸ் மான்ஸ், ஒரு வேதியியல் ஆய்வின் எல்லாப் படிகளையும் ஒரே சிறு கருவிக்குள் அடக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் சிலிக்கானும் கண்ணாடியும் விலை உயர்ந்தவை, தூய்மை அறை கேட்பவை. ஒரு மாணவர் திங்கட்கிழமை யோசித்ததை அந்த வாரத்துக்குள் செய்து பார்க்க முடியாது.

அதை மாற்றியது ஒரு ரப்பர். பி.டி.எம்.எஸ். எனப்படும் சிலிக்கோன் ரப்பரில் கால்வாய்களை வார்க்கும் எளிய முறையை 1998இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு வெளியிட்டது. முதலில் சிலிக்கான் தகட்டின் மேல் ஒளியால் இறுகும் பிசினைப் பூசி, கால்வாய்களின் வடிவம் அச்சிட்ட தகட்டின் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். கதிர் பட்ட இடம் மேடாக நிற்கும்; அதுதான் அச்சு. அதன் மேல் திரவ நிலையில் உள்ள பி.டி.எம்.எஸ். ஊற்றிச் சூடாக்கினால் இறுகும். உரித்தெடுத்தால் மேடு இருந்த இடமெல்லாம் பள்ளமாகப் பதிந்திருக்கும். திரவம் நுழையவும் வெளியேறவும் துளைகள் குத்தி, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்சக்தியால் அயனியாக்கிய ஆக்சிஜன் வாயுவில்) சிறிது நேரம் காட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அச்சு ஒருமுறை தயாரானால், அதிலிருந்து சில்லுகளைத் திரும்பத் திரும்ப வார்க்கலாம்.

பி.டி.எம்.எஸ். ஒளி ஊடுருவக்கூடியது, ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கசியவிடுவதால் உள்ளே செல்கள் மூச்சுத் திணறாது. வளையக்கூடியது என்பது இன்னொரு வசதி. இதைப் பயன்படுத்தித்தான் ஸ்டீஃபன் குவேக் குழு 2000இல் ஓர் அழகான அடைப்பானைச் செய்தது. திரவம் ஓடும் கால்வாய்க்கு மேலாகக் குறுக்கே இன்னொரு கால்வாய், நடுவில் மெல்லிய ரப்பர்ப் படலம். மேல் கால்வாயில் காற்றழுத்தம் கொடுத்தால் படலம் கீழே வளைந்து ஓட்டத்தை அடைத்துவிடும். இப்படி மூன்றை அடுத்தடுத்து வைத்து முறை மாற்றி இயக்கினால் பம்ப். இரண்டே ஆண்டுகளில் ஒரே சில்லில் ஆயிரக்கணக்கான அடைப்பான்கள் வந்துவிட்டன.

பி.டி.எம்.எஸ்.க்குக் கெட்ட குணமும் உண்டு. நீரை வெறுக்கும் சிறு மருந்து மூலக்கூறுகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். செல்லுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தோம் என்று ஆய்வாளர் எழுதி வைத்திருப்பார். செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிடக் குறைவாக இருக்கும். பெருமளவில் தயாரிக்கும்போது நிறுவனங்கள் அச்சில் வார்க்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

துளிகளும் பார்கோடுகளும்

அறை கட்டுவதற்குப் பல வழிகள் உண்டு: அடைப்பானால் மூடும் சிறு பெட்டி, செல் வந்து சிக்கும் பொறி, தகட்டில் குழிந்த கிணறு. இவற்றில் எதுவும் துளியின் எண்ணிக்கைக்கு ஈடாகாது. நீர் ஓடும் கால்வாயை இரு பக்கமிருந்தும் எண்ணெய் வந்து நெருக்கினால், நீர் ஒரே அளவுள்ள துளிகளாக அறுந்து அறுந்து விழும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்துவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேராது. சுவர் கட்டாமலேயே லட்சக்கணக்கான சோதனைக்குழாய்கள் தயார்.

செல்கள் மட்டும் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை. அவை எதேச்சையாக வருகின்றன. எனவே எந்தத் துளியில் எத்தனை செல் என்பதைப் பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் பரவல்தான் தீர்மானிக்கிறது. சராசரியாகத் துளிக்கு ஒரு செல் என்று செலுத்தினால் 37 சதவீதத் துளிகள் காலி, 37 சதவீதத்தில் ஒன்று, மீதி 26 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ. கால்வாசித் துளிகளில் கூட்டுக் குடித்தனம் என்றால் 'தனிச்செல் ஆய்வு' என்ற பெயருக்கே பொருளில்லை. ஆகவே வேண்டுமென்றே நீர்க்கவைத்துப் பத்துத் துளிக்கு ஒரு செல் என்ற விகிதத்தில் அனுப்புகிறார்கள். அப்போது ஆயிரம் துளிகளில் 905 காலி, ஏறத்தாழ 90இல் ஒரு செல், ஐந்தில் மட்டும் இரண்டு அல்லது அதற்கு மேல். பத்தில் ஒன்பது துளிகள் வீணாவது ஊதாரித்தனமாகத் தோன்றும். துளி மலிவு, தவறான விடை விலை அதிகம் என்பதால் இந்தப் பேரத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இனிதான் சுவாரசியமான பகுதி. ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக எடுத்து ஆராய யாராலும் முடியாது. எல்லாத் துளிகளையும் உடைத்து ஒன்றாகக் கலந்துதான் மரபணு வரிசை படிக்கும் கருவிக்குள் அனுப்பியாக வேண்டும். படிப்பது ஆர்.என்.ஏ.வை, அதாவது செல்லில் வேலை செய்யும் மரபணுக்களின் நகல்களை. கலந்துவிட்டால் எந்த ஆர்.என்.ஏ. எந்தச் செல்லுடையது என்று எப்படித் தெரியும்?

2015 மே மாதம் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை சொல்லின: ஸ்டீவன் மெக்கரோல் ஆய்வகத்திலிருந்து வந்த 'டிராப்-சீக்' ஒன்று, 'இன்டிராப்' மற்றொன்று. செல்லோடு சேர்த்து ஒரு நுண்மணியையும் துளிக்குள் அனுப்ப வேண்டும். மணியின் மேல் கோடிக்கணக்கான குட்டி டி.என்.ஏ. இழைகள் ஒட்டியிருக்கும். ஒரே மணியின் எல்லா இழைகளிலும் ஒரே எழுத்து வரிசை. மணிக்கு மணி வரிசை வேறு. இதுதான் பார்கோடு. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் தூது ஆர்.என்.ஏ.க்கள் மணியின் இழைகளில் போய்ப் பற்றிக்கொள்ளும். அவற்றைப் படியெடுக்கும்போது பார்கோடும் சேர்ந்தே படியெடுக்கப்படும். பிறகு எல்லாவற்றையும் கலந்தாலும் கவலையில்லை. ஒரே பார்கோடு உள்ளவை ஒரே செல்லிலிருந்து வந்தவை.

கோடிக்கணக்கில் வெவ்வேறு பார்கோடுகளை எப்படித் தயாரிப்பது? டிராப்-சீக் கையாண்ட முறை எளிமையில் வியக்க வைப்பது. மணிகளை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளில் ஒன்றை ஒட்டவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மறுபடியும் நான்காகப் பிரித்து, அடுத்த எழுத்து. பன்னிரண்டு முறை செய்தால் நான்கின் பன்னிரண்டாம் அடுக்கு, அதாவது 1,67,77,216 வெவ்வேறு வரிசைகள். ஒவ்வொரு மணிக்கும் தனியாக யாரும் முகவரி எழுதவில்லை. பார்கோடுக்குப் பின்னால் எட்டு எழுத்துகள் தற்செயலாக ஒட்டப்படும். அவை மணிக்கல்ல, இழைக்கு அடையாளம். ஒரே மூலக்கூறு படியெடுப்பில் ஆயிரமாகப் பெருகினாலும், இந்த எட்டு எழுத்தைப் பார்த்து அதை ஒன்றாகவே எண்ணலாம்.

உண்மையிலேயே ஒரு துளியில் ஒரு செல்தான் இருந்தது என்பதற்கு என்ன சான்று? மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் கலந்து சில்லில் ஓடவிட்டார்கள். ஒரே பார்கோடில் இரு இனங்களின் ஆர்.என்.ஏ.யும் தென்பட்டால் அந்தத் துளியில் இரண்டு செல்கள் இருந்திருக்கின்றன. மனிதனும் மனிதனும், எலியும் எலியுமாகச் சேர்ந்த ஜோடிகள் இதில் மாட்டாது என்பதால் உண்மையான எண்ணிக்கை கண்ணில் பட்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இந்தச் சோதனையைச் செய்து காட்டாத புதிய துளி முறை எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

டிராப்-சீக் முதல் ஆய்விலேயே எலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களைப் படித்து 39 வகைகளாகப் பிரித்தது. ஒற்றைச் செல்லின் ஆர்.என்.ஏ.யை இப்படி வரிசைப்படுத்தும் முதல் வெற்றி 2009இல், கையால் எடுத்த எலிக் கருச் செல்லில் நடந்தது என்பதை நினைத்தால், ஆறே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் என்று புரியும். பிறகு 10எக்ஸ் ஜீனோமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் கெட்டியான மணிக்குப் பதில் ஜெல் மணிகளைப் பயன்படுத்தின. ஜெல் நசுங்கும், எனவே கால்வாயில் மணிகளை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கி, துளிக்கு ஒன்று என்ற தாளத்தில் தள்ள முடியும். செல்லின் பக்கம் பாய்சானின் பிடி அப்படியே இருந்தாலும் மணியின் பக்கம் அது தளர்ந்தது.

இந்த முறைகள் எதைக் கொண்டுவந்தன என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 2018இல் வெளிவந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு 1989இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சுவாசப்பாதையில் அந்த மரபணு எந்தச் செல்லில் அதிகம் வேலை செய்கிறது என்பது பற்றி முப்பது ஆண்டுகள் ஒரு கருத்து நிலவியது. இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சுவாசப்பாதைச் செல்களைத் துளிகளில் அடைத்துப் படித்தபோது, அதுவரை யாரும் பட்டியலிடாத ஒரு செல் வகை தென்பட்டது. மொத்தத்தில் ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் சி.எஃப்.டி.ஆர். ஆர்.என்.ஏ. மிகச் செறிவாக இருந்தது அதில்தான். மீனின் செவுளிலும் தவளையின் தோலிலும் உப்புச் சமநிலையைக் காக்கும் செல்களை ஒத்திருந்ததால் அதற்கு அயனோசைட் என்று பெயர் வைத்தார்கள். சுவாசப்பாதையின் மற்றச் செல்களுக்கும் இந்த மரபணுவில் பங்கு உண்டு என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. அப்படி ஒரு செல் இருக்கிறது என்பதே சராசரியின் அடியில் புதைந்து கிடந்தது என்பதில் விவாதமில்லை.

நிமிடங்களில் விடை வேண்டிய இடங்கள்

ஆர்.என்.ஏ. ஆய்வு எண்ணிக்கையில் பெரியது. விடை வர நாட்கள் ஆகும். நோயாளி எதிரே காத்திருக்கும்போது வேறு வகைச் சில்லுகள் தேவைப்படுகின்றன.

சிறுநீர்ப்பாதைத் தொற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று வழக்கமான முறையில் கண்டுபிடிக்க, பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஓரிரு நாட்களாவது ஆகும். அதுவரை மருத்துவர் ஊகத்தில்தான் மருந்து எழுதுகிறார். 2010இல் சுக்ஜின் ஜுன் குழு, ஒரு பாக்டீரியா மட்டுமே நுழையும் அகலமுள்ள முட்டுச்சந்துக் கால்வாய்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்து, ஈ.கோலையை நூற்றுக்கணக்கான தலைமுறைகள் வரை கண்காணித்தது. அதே வகை அமைப்பைச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் யோஹான் எல்ஃப் குழு மருத்துவத்துக்குத் திருப்பியது. பாக்டீரியாக்களைக் கால்வாய்களில் பிடித்து, ஒரு வரிசைக்கு மருந்து கலந்த ஊட்டத்தையும் மற்றொன்றுக்கு வெறும் ஊட்டத்தையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீள்கிறது என்று நுண்ணோக்கியால் அளந்தார்கள். 30 நிமிடங்களுக்குள் விடை கிடைத்தது என்று 2017இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி? தட்டில் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக மாற ஒரு பாக்டீரியா பல முறை இரண்டாகப் பிளந்தாக வேண்டும். சில்லில் அது ஒரு முறைகூடப் பிளக்க வேண்டியதில்லை; நீளம் சற்றுக் கூடினாலே போதும். தனி ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சி ஏறுமாறாக இருக்கும் என்பதால் நூற்றுக்கணக்கானவற்றை அளந்து சராசரி எடுக்கிறார்கள். ஆம், நாம் இவ்வளவு நேரம் திட்டிய அதே சராசரிதான். தனித்தனியாக அளந்த பிறகு எடுக்கும் சராசரிக்கும், கலந்துவிட்ட பிறகு கிடைக்கும் சராசரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: முன்னதில் சிதறல் எவ்வளவு என்பதும் கையில் இருக்கும். இந்தத் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட கருவி, 45 நிமிடங்களில் எந்த மருந்து பலிக்கும் என்று சொல்வதற்காக, 2024இல் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசைப் பெற்றது. பரிசுத் தொகை 80 லட்சம் பவுண்டு.

இரத்தத்தில் உலவும் புற்றுநோய்ச் செல்களைத் தேடுவது வேறு வகைச் சிரமம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும் பல லட்சம் வெள்ளையணுக்களும் இருக்கும். கட்டியிலிருந்து கழன்று வந்தவை ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். 2007இல் சுனிதா நாக்ரத், மெஹ்மெத் டோனர் உள்ளிட்ட குழு 78,000 நுண்தூண்கள் நிறைந்த சில்லைச் செய்தது. தூண்களின் மேல் ஒட்டியிருந்த எதிர்ப்பொருள், புற்றுச்செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புரதத்தை உதறிவிட்ட புற்றுச்செல் இந்த வலையில் விழாது. ஆகவே அளவையும் விறைப்பையும் கொண்டு பிரிக்கும் சில்லுகளும் வந்தன. செல்லைக் குறுகிய கால்வாயில் வேகமாகப் பாயவிட்டு, அது எவ்வளவு நசுங்குகிறது என்று அதிவேகக் கேமராவால் பார்க்கலாம். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு விறைத்துவிடுகிறது. பல புற்றுச்செல்கள் மென்மையாகின்றன. சாயமோ எதிர்ப்பொருளோ தேவையில்லாத இந்த அணுகுமுறை இன்னும் அதிகக் கவனம் பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எதிர்ப்பொருள் தேடலில் வேகத்தின் அருமை 2020இல் உலகத்துக்கே தெரிந்தது. கனடாவின் அப்செல்லெரா நிறுவனம், கோவிட்-19இலிருந்து மீண்ட ஒருவரின் இரத்தத்திலிருந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயெதிர்ப்புச் செல்களை நுண்பாய்மச் சில்லுகளின் உதவியோடு சலித்து, வைரஸைப் பற்றும் எதிர்ப்பொருள்களை நூற்றுக்கணக்கில் கண்டெடுத்தது. அவற்றில் ஒன்று எலி லில்லி நிறுவனத்தின் பம்லனிவிமாப் மருந்தாகி, ஜூன் தொடக்கத்தில் மனிதர்களிடம் சோதனைக்கு வந்தது. நவம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்றது. 2021 ஏப்ரலில், உருமாறிய வைரஸ்களிடம் அது தோற்றதால், தனி மருந்தாகக் கொடுக்கும் அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. சில்லின் வேகத்தை வைரஸும் தன் வேகத்தால் சந்தித்தது.

விளம்பரத்தில் வராதவை

சில்லு உள்ளங்கையில் அடங்கும். அதை இயக்கும் பம்ப், நுண்ணோக்கி, லேசர், கேமரா, கணினி எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மேசையை நிரப்பும். 'சில்லில் ஓர் ஆய்வகம்' என்று சொல்லிவிட்டு, 'ஆய்வகத்தில் ஒரு சில்லு' செய்கிறோம் என்று இந்தத் துறையினரே தங்களைக் கிண்டல் செய்துகொள்வதுண்டு. ஒரு தூசி அல்லது பிரியாத செல் கட்டி போதும், கால்வாய் அடைத்துக்கொள்ளும். நோயாளியிடமிருந்து எடுத்த அரிதான மாதிரி அதோடு வீணாகிவிடும்.

அளவீட்டிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு பாலூட்டிச் செல்லில் லட்சக்கணக்கான தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இருக்கும். டிராப்-சீக், இன்டிராப் ஆகியவற்றின் தொடக்கப் பதிப்புகள் அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் பிடித்தன. எனவே அட்டவணையில் பூஜ்யம் என்று இருந்தால் 'அந்த மரபணு வேலை செய்யவில்லை' என்று உடனே முடிவு கட்டக் கூடாது. இருந்தும் வலையில் சிக்காமல் போயிருக்கலாம். இன்னொரு பெரிய இழப்பு இடம். திசுவை நொதியால் கரைத்துச் செல்களைப் பிரித்தால்தான் சில்லுக்குள் விட முடியும். பிரித்த அந்த நொடியே எந்தச் செல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது. பிரிக்கும் வேலையே செல்லைக் கலவரப்படுத்தி, சில மரபணுக்களை முடுக்கிவிடுவதும் பதிவாகியிருக்கிறது. திசுவைக் கரைக்காமல் இடத்திலேயே வைத்து ஆர்.என்.ஏ.யைப் படிக்கும் முறைகள் இன்று வேகமாக வளர்வது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

அடுத்த முறை 'சில நிமிடங்களில் தனிச்செல் ஆய்வு' என்ற செய்தியைப் படித்தால், கடிகாரம் எங்கே ஓடத் தொடங்கியது என்று பாருங்கள். மாதிரியை எடுத்து, செல்களைப் பிரித்து, கழுவி, எண்ணித் தயார் செய்வதற்கே பல மணி நேரம் ஆகலாம். துளிகளில் அடைக்கச் சில நிமிடங்கள். அதன் பிறகு படியெடுத்தல், வரிசை படித்தல், கணினியில் அலசல் என்று நாட்களோ வாரங்களோ ஓடும். சிறுநீரை நேரடியாகச் சில்லில் விட்டு 45 நிமிடங்களில் விடை எடுப்பதும், கட்டியைக் கரைத்து ஆயிரக்கணக்கான செல்களின் ஆர்.என்.ஏ.யைப் படிப்பதும் ஒரே பெயரில் செய்தியில் வரும். முதலாவதில் விரைவு என்பது நோயாளியின் கையில் மருந்துச் சீட்டு வரும் வரைக்குமான நேரம். இரண்டாவதில் அது செல்கள் துளிக்குள் போகும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே பொருந்தும்.